ஒற்றைக் கால் ஷூவும் ஐந்து துறைமுக ஒற்றுமையும்

ஐந்து துறைமுகக் கூட்டமைப்பின் செயலாளரும், என் மனைவியின் உடன்பிறந்த மூத்த அண்ணனும், எங்கள் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து "இனிமே உங்க பாடு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனவருமான மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன், இழுவைப் படகு மாஸ்டர், தலை வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நான், தங்கள் தங்கை, பிள்ளைகள் எல்லோரும் சுகம். தாங்களும் அவ்வண்ணமே இருக்கிறீர்களா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்றுத் தொலைபேசியில் தாங்கள் ஒரு வாக்கியத்துக்கு மூன்று தும்மல் போட்டதைத் தங்கை எனக்குத் தும்மியே காட்டிவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். எங்கள் துறைமுகத் தண்ணீரில் டீசல் வாடை கொஞ்சம் உண்டு. மூக்கில் ஏறினால் இறங்க நாளாகும். ஆவி பிடியுங்கள். தங்கள் இடது கால் ஷூவை எங்கள் டைவர் இரண்டு தடவை இறங்கித் தேடிவிட்டார், கிடைக்கவில்லை. வலது கால் ஷூ எங்கள் வீட்டு மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாங்களே தட்டச்சு செய்து அனுப்பிய மன்னிப்புக் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கூட்டமைப்புக் குழு கூடுவதற்கு முன் அது வந்து சேர வேண்டும், வராவிட்டால் என்னைச் சுக்கானிலிருந்து இறக்கிக் கயிற்றுக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள், "தங்கச்சி முகத்துக்காகத்தான் இதையாவது வாங்கிக் குடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனசு. கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'என் கவனக் குறைவாலும், அளிக்கப்பட்ட பயிற்சியை உள்வாங்கிக்கொள்ளும் திறன் இன்மையாலும்' என்று ஆரம்பிக்கிறது. மச்சான், ஒன்று கேட்கிறேன். மலை மாதிரிக் கப்பலையெல்லாம் கயிறு கட்டி இழுத்து வந்து, கரைக்கு ஒரு கீறல் விழாமல் நிறுத்துகிறவன் நான். என் வயதில் பாதி இந்தத் துறைமுகத் தண்ணீரில்தான் கழிந்தது. எனக்கா திறன் இன்மை? பயிற்சியை உள்வாங்காததால் வந்த வினை இல்லை இது. ஒரு சொட்டு சிந்தாமல் உள்வாங்கியதால் வந்த வினை. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: கையெழுத்துப் போட மாட்டேன். தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது? தங்கள் வாயில். "அஞ்சு துறைமுகமும் தனித்தனியா இருந்தா அஞ்சு விரல், சேர்ந்தா ஒரு கை" என்று தாங்கள் ஊர் ஊராகப் பேசினீர்கள். நல்ல பேச்சு, கைதட்டினோம். ஆளுக்கு ஒரு இழுவைப் படகுதான் இருக்கிறது, ஆபத்து என்றால் ஒருத்தருக்கு ஒருத்தர் உதவ வேண்டும், அதற்கு எல்லா மாஸ்டர்களுக்கும் ஒரே தரத்தில் பயிற்சி வேண்டும் என்றீர்கள். அதுவும் சரி. முதல் கட்டமாக எங்களுக்கும் பக்கத்துத் துறைமுகத்துக்கும் ஆளுக்கொரு சிமுலேட்டர் வாங்கினீர்கள். அறைக்குள் உட்கார்ந்துகொண்டே படகு ஓட்டும் இயந்திரம். முன்னால் மூன்று திரை, நடுவில் ஒரு சுக்கான். அந்தந்தத் துறைமுகத்தை அளந்து, படம் பிடித்து, ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து, அதை இயந்திரத்தில் செருகினால் திரையில் அந்தத் துறைமுகமே வந்து நிற்கும் என்றார்கள். எங்கள் பெட்டியின் மேல் நங்கூரம், அவர்கள் பெட்டியின் மேல் மீன். இரண்டையும் இரண்டு துறைமுகத் தலைவர்களிடமும் கொடுக்கத் தாங்கள் ஒரு விழா எடுத்தீர்கள். அந்த விழாவை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு அங்கே திரும்பி வருவேன்.

இயந்திரத்தோடு ஒரு பயிற்சியாளரையும் கம்பெனிக்காரர்கள் அனுப்பினார்கள். எங்கிருந்தோ வந்தவர், எங்கள் துறைமுகத்தைக் கண்ணால் கண்டதில்லை, நேரே பயிற்சி அறைக்குள் போனவர் அங்கேயே குடியிருந்தார். எது நடந்தாலும் "சூப்பர் சார்" என்பார். அதனால் எங்கள் ஆட்கள் அவருக்கு சூப்பர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் திரையைப் பார்த்ததுமே நான் சொன்னேன், "தம்பி, இது எங்க துறைமுகம் மாதிரி இல்லையே. எங்க வாசல்ல நுழைஞ்சா இடது பக்கம் திரும்பணும். இங்க வலது பக்கம்ல வாய்க்கால் போகுது?" அவர் சொன்னார், "அப்டேட் ஆகியிருக்கும் சார்." எது அப்டேட் ஆகும், கடலா? எனக்குத் திருப்தி இல்லாமல் தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "விரிவாக்கத் திட்டப்படி வரைஞ்சிருப்பாங்க மாப்பிள்ளை. பத்து வருஷம் கழிச்சு உங்க துறைமுகம் இப்படித்தான் இருக்கும். நீங்க எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லாதீங்க." சரி, எதிர்காலம் என்றால் வலது பக்கம்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் வெயில் காட்சி வைத்தால் படம் திக்கித் திக்கி ஓடியதால் சூப்பர் எப்போதும் மூடுபனியைப் போட்டு விடுவார். ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் பெட்டிக்குள் இருந்த துறைமுகத்தில் நான் முட்டினேன், மோதினேன், மூழ்கினேன். சூப்பர் சார். முதல் வாரம் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

அதோடு விட்டிருந்தாலும் கயிற்றுக் கிடங்கு வரை விஷயம் போயிருக்காது. தாங்கள் ஒற்றுமையை வளர்ப்பதற்காக இரண்டு துறைமுக மதிப்பெண்களையும் இரண்டு வாசலிலும் பலகையில் எழுதி வைக்கச் சொன்னீர்கள். பக்கத்துத் துறைமுக மாஸ்டர் ஐம்பத்தெட்டு. யார் அவன்? சங்கு. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படகுச் சங்கை ஊதிக்கொண்டே திரிகிறவன். ஒரு வருஷம் எங்களுக்கு வர வேண்டிய கப்பலை நடுக்கடலில் சங்கு ஊதி வழிமறித்துத் தன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அன்றே நான் சபதம் போட்டவன், அந்தத் துறைமுகத்துக்குள் படகையும் விட மாட்டேன், காலையும் வைக்க மாட்டேன் என்று. அவன் ஐம்பத்தெட்டு, நான் நாற்பத்தொன்றா? சாப்பாடு ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று அந்த அறையிலேயே கிடந்தேன். வலது பக்கம் திரும்பு, நான்கு மூச்சு இழுத்து விடு, வேகத்தைக் குறை, மறுபடி வலது. தூக்கத்தில் என் கை வலது பக்கம் திரும்பித் தங்கள் தங்கையின் தலையணையை இழுத்துக்கொண்டு வந்ததாக அவளே சொல்வாள். அந்தத் துறைமுகத்தைக் கரைத்துக் குடித்தேன் மச்சான். தொண்ணூற்றாறு வாங்கினேன். சங்கு தொண்ணூற்றைந்து. நான் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் தலைவர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன், மறுக்கவில்லை: "இனிமே கண்ணைக் கட்டி விட்டாலும் கொண்டு வந்து நிறுத்துவேன் சார்." எல்லா மனுஷனும் சொல்கிற பேச்சுதானே? சமையல்காரன் சொல்வான், தையல்காரன் சொல்வான், யாராவது துணியை எடுத்துக்கொண்டு வருகிறார்களா? தாங்கள் வந்தீர்கள். "பிரமாதம் மாப்பிள்ளை, இதையே செயல்முறை விளக்கமா வச்சிடுவோம்" என்றீர்கள். ஐந்து துறைமுகப் பிரதிநிதிகள் வரும் அன்று படகின் ஜன்னல்களுக்கெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, பயிற்சியின் மகிமையால் மட்டுமே மாஸ்டர் படகைக் கொண்டு வந்து மேடைக்கு எதிரே, இடது பக்கத் துறையில் நிறுத்துவார் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டீர்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது. சரி என்று ஏறிவிட்டேன்.

அன்று நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தவருக்கு முழுக்கத் தெரிந்திருக்காது. மேடையைக் கரையில் போட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எவ்வளவோ சொன்னார்கள். கடல்சார் நிகழ்ச்சி கடலில்தான் நடக்க வேண்டும் என்று தாங்கள் மிதவையின் மேல் போடச் சொன்னீர்கள். சிவப்புக் கம்பளம், பூந்தொட்டி, மைக், நாற்காலி, எல்லாம் வாசலுக்கு வலது பக்கம், மணல் திட்டுக்கு முன்னால். நான் வாசலில் நுழைந்தேன். ஜன்னலில் வெள்ளை. பக்கத்தில் சூப்பர், "சூப்பர் சார்." என் கை தானாக வலது பக்கம் திரும்பியது. நான்கு மூச்சு இழுத்துவிட்டேன். வேகத்தைக் குறைத்தேன், அதை மறந்துவிடாதீர்கள், குறைத்தேன். மறுபடி வலது. ஒலிபெருக்கியில் தங்கள் குரல் கேட்டது: "கைகோத்து முன்னேறும் இந்த வேளையிலே..." அதற்குப் பிறகு ஒரு தொப்பென்ற சத்தம். தாளைக் கிழித்துப் பார்த்தால் மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, நாற்காலிகள் மிதக்கின்றன, தாங்கள் மைக்கை விடாமல் மார்பளவுத் தண்ணீரில் நிற்கிறீர்கள். யாருக்கும் காயமில்லை. தங்களைத் தூக்கிவிட்டவர்கள் பக்கத்துத் துறைமுகப் பிரதிநிதிகள். கைகோத்துத்தான் தூக்கினார்கள், நான் பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சொல்வார்கள். ஆழம் தெரிந்த துறைமுகத்தில் அதைச் செய்து காட்டியவர் தாங்கள் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கள் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் தண்ணியில விழுந்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். தாங்கள் சட்டம் போட்டு அன்பளிப்பாக அனுப்பிய படம்தான்: பெட்டி கொடுத்த விழா. "இங்க வாங்க" என்றாள். "இதைப் பாருங்க. நம்ம தலைவர் கையில இருந்து அவங்க தலைவர் கைக்கு என்ன போகுது?" பார்த்தேன். நங்கூரம். அவர்கள் கையிலிருந்து எங்கள் கைக்கு வருவது மீன். "நான்தான் முன் வரிசையில உக்காந்திருந்தேனே. ஆளுக்கு ஒண்ணைக் கையில வச்சிட்டு நின்னாங்க. அண்ணன்தான் கத்துச்சு, 'ஒத்துழைப்புன்னா சும்மா நிக்கறதா? ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க'ன்னு. மாத்திக் குடுத்தாங்க. அப்புறம் டீ வந்துச்சு, எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க." பயிற்சி அறையில் சூப்பர் டீ டம்ளர் வைக்கும் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். மேலே மீன். அதன் கண்ணின் மேல்தான் டம்ளர் வைப்பார்.

ஆக, நான் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது எங்கள் எதிர்காலத்தை இல்லை, சங்கின் துறைமுகத்தை! எய்தவன் இருக்க அம்பை நோவது ஏன் என்று கேட்பார்கள். இங்கே எய்தவரே, அம்பு கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்.

கோபம் அதில்கூட இல்லை மச்சான், உண்மையைச் சொல்கிறேன். மேடை உடைந்த மறுநாள் ஒரு கப்பலை உள்ளே கொண்டு வரப் போனேன். தாள் இல்லை, பனி இல்லை, பளிச்சென்ற பகல். வாசலில் நுழைந்ததும் என் கை வலது பக்கம் போனது. நான் அதைப் பிடித்து இழுத்து இடது பக்கம் வைத்தேன். மறுபடி போனது. எத்தனையோ கப்பலைக் கொண்டு வந்த என் சொந்தத் துறைமுகத்தில், என் கையோடு நானே மல்லுக்கட்டினேன். கப்பலை நிறுத்திவிட்டேன், யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. இந்தச் சுக்கானை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? கயிற்றுக் கிடங்கில் உட்கார்ந்து என்ன செய்வேன், கயிறுகளுக்குக் கதை சொல்வேனா? என் துறைமுகத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியதற்கு என்னையே மன்னிப்புக் கேட்கச் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

எனவே என் முடிவு இது. கையெழுத்துப் போட மாட்டேன். குழுவுக்கு முன்னால் அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து வைப்பேன். இனி இந்த ஒத்துழைப்பு, திறன் வளர்ப்பு எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம். சங்கு கடலில் கயிறு கேட்டுக் கத்தினாலும் நூல்கூட வீச மாட்டேன். அவன் துறைமுகம் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன். இதை எழுதும்போது என் கை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மற்றபடி வீட்டில் அக்காவுக்கு என் வணக்கங்கள். மருமகப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, துறைமுகம் இல்லாத ஏதாவது ஊரில் நல்ல உத்தியோகம் பெற்றுத் தீர்க்காயுசாக இருக்க ஆசிகள். தங்கள் சளி விரைவில் இறங்கட்டும்.

இப்படிக்கு,
திறன் இல்லாத, ஆனால் தொண்ணூற்றாறு வாங்கிய
தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டேன், பசை காய்ந்துபோயிருந்ததால் ஒட்டவில்லை. காலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். காலையில் கொட்டித் தீர்த்தது மழை. படகில் ஏறி உட்கார்ந்ததும் வயர்லெஸ்ஸில் ஒரு குரல்.

"அண்ணே, கேக்குதா? சங்கு பேசறேன்."

"கேக்குது. என்ன வேணும்?"

"ஒரு கப்பலுக்குச் சுக்கான் போயிடுச்சு. எங்க வாசல்ல கல்லுப் பக்கமா ஒதுங்குது. உள்ள இருபது பேர் இருக்காங்க. என் இழுவைப் படகு ஒண்ணு பத்தாது. மழையில எதுவுமே தெரியல."

"உன் துறைமுகம்தானே? கண்ணை மூடிட்டுக் கொண்டு போ."

 அவன் சொன்னான், "அதான் அண்ணே பிரச்சினை. கண்ணை மூடினா உங்க துறைமுகம்தான் தெரியுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நங்கூரப் பெட்டி அவனிடம் அல்லவா போயிருக்கிறது! போன வாரம் அவனும் தன் துறைமுகத்திலேயே இடது பக்கம் திரும்பி மணலில் ஏறி உட்கார்ந்தானாம், வெளியே சொல்லாமல் கூட்டமைப்புக்குள்ளேயே மறைத்துவிட்டார்களாம். நான் சபதத்தை எல்லாம் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இருபது பேர் என்று சொன்ன பிறகு எதை யோசிப்பது? கரையோரமாகவே படகை விரட்டிக்கொண்டு போனேன். கப்பலின் முன்பக்கம் என் கயிறு, பின்பக்கம் அவன் கயிறு. வாசலில் நுழையும்போது ஜன்னலில் மழை அப்பிக்கொண்டு நின்றது, தாள் ஒட்டியது போலவே. என் கை வலது பக்கம் போனது. இந்தத் தடவை நான் அதைப் பிடித்து இழுக்கவில்லை. "சங்கு, நாலு மூச்சு விட்டுட்டு வேகத்தைக் கொறை. இப்ப மறுபடி வலது" என்று கத்தினேன். காதுக்குள் எங்கிருந்தோ "சூப்பர் சார்" என்று கேட்டது. கப்பல் தட்டாமல் தடவாமல் துறையில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை மச்சான்.

கயிறு வாங்கிக் கட்டிய அவர்கள் ஆள் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணன் முன்னாடி இங்கதான் வேலை பாத்தீங்களோ?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் முதல் தடவை கால் வைக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. சங்கு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊதுவதற்கு ஒன்றுமில்லாத சங்கை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே மேலே எழுதியதில் ஒத்துழைப்பு, நூல், தலை வைத்துப் படுக்கும் திசை ஆகிய விஷயங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். நாளை முதல் சங்கு இங்கே வந்து எனக்கு எங்கள் துறைமுகத்தைச் சொல்லித் தருகிறான். மறுநாள் நான் அங்கே போய் அவனுக்கு அவன் துறைமுகத்தைச் சொல்லித் தருகிறேன். இதைத் தங்கள் அறிக்கையில் திறன் வளர்ப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்னைச் சுக்கானிலிருந்து இறக்குவதாக இருந்தால் இரண்டு துறைமுகத்திலும் இறக்க வேண்டியிருக்கும் என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி. தங்கள் இடது கால் ஷூ நீரோட்டத்தில் போய்ச் சங்கின் துறைமுகப் படிக்கட்டில் ஒதுங்கியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதுதான் எல்லை தாண்டி ஒத்துழைத்திருக்கிறது. இரண்டு ஷூவையும் இத்துடன் அனுப்புகிறேன். உள்ளே ஈரம் இருப்பதால் தாள் சுருட்டி வைத்திருக்கிறேன். சங்குக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருந்தீர்களாமே, வரிக்கு வரி அதேதான், பெயர் மட்டும் வேறு. இடது ஷூவில் இருப்பது என்னுடையது, வலது ஷூவில் அவனுடையது. இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் மை கரைந்து அண்ணன் காலில் ஒட்டிக்கொள்ளும் என்று தங்கள் தங்கைதான் தடுத்துவிட்டாள்.